எண்ணெய்க்கும் மூப்பு உண்டு

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. அது விழுந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுகிறார்கள். நீளம் ஏறக்குறைய 18 மீட்டர். மரமென்று பார்த்தால் மரம். தட்டிப் பார்த்தால் கல். 1940-ஆம் ஆண்டில் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னரும் ஊரார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனால் கல்லில் உட்கார்ந்து இளைப்பாறுகிறவனுக்கு அது மரம் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

ஆண்டுதோறும் நாம் நம் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். காரை என்னும் ஊரின் செம்மண் ஓடைகளில் இறங்கி, கடல் உயிர்களின் சுருள் ஓடுகளைக் காட்டுவோம். அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் உள்ள புதைபடிவக் காட்சிசாலையையும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். "இங்கே கடல் இருந்ததா?" என்று பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். இருந்தது. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் இன்று அரைக்கும் சுண்ணாம்புக் கல்லெல்லாம் அக்கடல் விட்டுச் சென்ற ஆஸ்திதான்.

சென்ற முறை போயிருந்தபோது ஒரு பையன் வேறொரு கேள்வி கேட்டான். அவன் வகுப்பில் அதிகம் பேசாதவன். கல்மரத்தைச் சுற்றி இருமுறை நடந்துவிட்டு மெதுவாக நம் அருகில் வந்தான்.

"சார், இந்த மரம் இத்தனை கோடி வருஷமா கெடாம இருக்கே. எங்க தாத்தா வாங்கி வச்ச டீஸல் அஞ்சு வருஷத்துல கெட்டுப்போச்சு. டீஸலும் பூமிக்குள்ளேருந்துதானே சார் வருது? அது ஏன் கெட்டுது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கணத்தில் நம்மால் நேரான விடை கூற முடியவில்லை. "நாளை வகுப்பில் சொல்லுகிறேன்" என்று ஆசிரியர்கள் அனைவரும் கையாளும் புராதன உபாயத்தைக் கையாண்டோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையன்று அவனுடைய தாத்தாவின் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தோம்.

பெரியவர் சின்ன வெங்காயம் பயிரிடுகிறவர். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, மின்சார மோட்டார். மூலையில் ஒரு கொட்டகையில் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று சாக்குத் துணியைப் போர்த்திக்கொண்டு இருந்தது. பக்கத்தில் ஒரு பீப்பாய்.

"வாங்க வாத்தியாரே. பேரன் சொன்னான். அந்தக் கண்ராவியைத்தான் பாக்க வந்தீங்களா?" என்று வரவேற்றார்.

கதை இதுதான். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, பெட்ரோல் பங்க்குகளை மூடிவிடுவார்கள், மின்சாரமும் நின்றுவிடும் என்றெல்லாம் ஒரு வதந்தி ஊரில் உலவியது. பெரியவர் முன்ஜாக்கிரதைக்காரர். எப்படியோ முயன்று 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை டீஸலால் நிரப்பி வைத்தார். பங்க்கும் மூடவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு உழவுக்குச் செலவாயிற்று. மீதி அப்படியே இருந்துவிட்டது. "பொன்னு மாதிரி கெடக்கட்டும், ஆபத்துக்கு உதவும்னு விட்டுட்டேன்" என்றார்.

ஆபத்து சென்ற சித்திரையில் வந்தது. அவ்வட்டாரத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய்ப் பன்னிரண்டு நாள் மோட்டார் ஓடவில்லை. வெங்காயம் நட்டு ஐம்பது நாள் ஆகியிருந்தது. காய் பருக்கும் பருவம். தண்ணீர் தவறக் கூடாத பருவம். பெரியவர் கலங்கவில்லை. சாக்கை எடுத்தார், எஞ்சினைத் துடைத்தார், பீப்பாயைத் திறந்து டாங்கியை நிரப்பினார். எஞ்சின் கால் மணி நேரம் ஓடிற்று. பிறகு இருமிற்று, கரும்புகை கக்கிற்று, நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து பில்டரைக் கழற்றினார். உள்ளே கருங்கோந்து போல ஏதோ அப்பிக் கிடந்தது. "பெரியப்பா, இது டீஸல் இல்லே, கஷாயம்!" என்றாராம். நாசில் அடைத்துப்போயிருந்தது. அதற்கு மாற்று திருச்சியிலிருந்து வந்து சேர மூன்று நாள். புது டீஸல் ஊற்றி எஞ்சின் மறுபடி ஓடியபோது ஒரு ஏக்கர் பிழைத்தது. மற்றோர் ஏக்கர் வாடியது வாடியதுதான். அந்த ஏக்கருக்கு வாங்கிய கடன் மட்டும் வாடாமல் பசுமையாக இருக்கிறது.

"எவனோ கலப்படம் பண்ணிட்டான் வாத்தியாரே" என்பது பெரியவரின் முடிவு. நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் பீப்பாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தபோது எண்ணம் மாறிற்று. இளமஞ்சளாய் இருக்க வேண்டிய டீஸல் கடுங்காப்பி நிறமாயிருந்தது. புளித்த வாடை வீசிற்று. அடியிலே இரண்டு விரற்கடை கலங்கல் நீர். நீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே பாசி போல ஒரு வழவழப்பான ஆடை. எவரும் கலப்படம் செய்யவில்லை. காற்றும், வெயிலும், நீரும் சேர்ந்து ஐந்து வருஷமாக அந்தப் பீப்பாய்க்குள் வேலை செய்திருக்கின்றன.

நேயர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையுடன் கேட்க வேண்டும். டீஸல், பெட்ரோல், மண்ணெண்ணெய் என்பவை தனித்தனிப் பொருள்கள் அல்ல. கரியும் ஹைட்ரஜனும் கூடிய ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறுகளின் கூட்டம்தான் ஒவ்வொன்றும். இவற்றில் சில சாதுவானவை. யாருடனும் சேராமல் தன்பாட்டில் இருக்கும். சில துடியானவை, பக்கத்தில் பிராணவாயு அகப்பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டதும் பெராக்ஸைடு என்ற சேர்க்கை உண்டாகிறது. அது சும்மா இராமல் அடுத்த மூலக்கூற்றைத் தூண்டுகிறது; அது அதற்கடுத்ததை. இவ்வாறு ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகி, கனத்து, முடிவில் எண்ணெயில் கரைந்திருக்க மாட்டாமல் கோந்தாகவும் கசடாகவும் பிரிந்து அடியிலே படிகின்றன. நைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்த சில மூலக்கூறுகளும், இடையே விளையும் அமிலங்களும் இந்தக் காரியத்தை இன்னும் விரைவாக்குகின்றன. நம் வீட்டு நல்லெண்ணெய் நாட்பட்டால் சிக்கு வாடை வீசுவதும் ஏறக்குறைய இதே கூத்துதான்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பழைய நாளில் பாட்டிமார்கள் தகர டின்னில் மண்ணெண்ணெயை வருஷக்கணக்கில் வைத்திருந்தார்களே, விளக்கு எரியாமலா போயிற்று? எரிந்தது. காரணம், அந்த மண்ணெண்ணெய் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து நேராக எடுத்தது. துடியான மூலக்கூறுகள் அதில் சொற்பம். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. வெறுமே வடித்தெடுக்கும் எண்ணெய் போதவில்லை. 1913-ஆம் ஆண்டில் வில்லியம் பர்ட்டன் என்ற அமெரிக்க ரஸாயனி, கனத்த எண்ணெயைக் கடுஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உடைத்து மெல்லிய எண்ணெயாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயில் முன்னைவிட அதிகமான பெட்ரோல் கிடைத்தது. ஆனால் எதையும் உடைத்தால் முனை கூர்மையாகத்தானே இருக்கும்? உடைந்த மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகுந்தன, அவையே துடியானவை. அன்றுமுதல் எண்ணெயில் கோந்து சேர்வது ஒரு பெரிய பிரச்னையாகி, அதைத் தடுக்கும் மருந்துகளைச் சேர்க்கும் வழக்கமும் வந்தது. இன்று உலகத்து ஆலைகள் பலவற்றில், நேராக வடித்ததையும் உடைத்ததையும் பதப்படுத்திச் சேர்த்தே டீஸல் தயாராகிறது.

இனி, காற்றுக்குத் துணை நிற்பவர்களைப் பார்ப்போம். முதல் துணைவன் சூடு. பத்து டிகிரி சூடு ஏறினால் இத்தகைய மாற்றங்கள் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது ரஸாயனிகள் கைக்கணக்காகச் சொல்லுவது. எண்ணெய் எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதிப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு. எண்ணெயை 43 டிகிரிச் சூட்டில் வைத்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் ஒரு வாரம் இருப்பது, 21 டிகிரியில் ஒரு மாதம் இருப்பதற்குச் சமானம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கின்படி, பன்னிரண்டு வாரம் ஒரு வருஷத்துக்கு ஈடாகும்.

இந்தக் கணக்கைப் படித்தபோது நாம் திடுக்கிட்டோம். குளிர்தேசத்தார் சோதனைக்காக அடுப்பு மூட்டி உண்டாக்குகிற சூட்டை, பெரம்பலூர்க் கோடை நமக்கு இலவசமாகவே கொடுத்துவிடுகிறதே! வெளியே நாற்பதைத் தொடும் நாளில், தகரக் கொட்டகைக்குள் இருக்கும் இரும்புப் பீப்பாயின் சூட்டைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். ஆகவே, "டீஸல் ஒரு வருஷம் தாங்கும்" என்று பிறதேசத்துப் புத்தகத்தில் போட்டிருந்தால் அது அவ்வூர்க் குளிர்ச்சிக்கு உரியது. நம் வெயிலில் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதே உத்தமம்.

இரண்டாவது துணைவன் செம்பு. பெரியவருடைய பீப்பாயின் அடியில் அழகான பித்தளைக் குழாய் ஒன்று பொருத்தியிருந்தது. பித்தளையில் செம்பு உண்டு. செம்பு எண்ணெயின் மூப்பை விரைவுபடுத்தும். துத்தநாகம் பூசிய தகரமும் ஆகாது. எண்ணெயில் பிறக்கும் அமிலங்களோடு துத்தநாகம் சேர்ந்து சவர்க்காரம் போன்ற பொருளாகி அடைப்பை உண்டாக்கும். கோயில் குடத்துக்குச் செம்பு சிறப்பு. டீஸலுக்கு வெறும் இரும்பே சிறப்பு.

மூன்றாவது துணைவன் நீர். "நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லையே" என்றார் பெரியவர். ஊற்ற வேண்டியதில்லை; பீப்பாய் தானே குடிக்கும். பகலில் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியே வெளியேறுகிறது. இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து அடியில் இறங்குகிறது. நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கியிருந்தாலோ, அந்த நீரையே உறிஞ்சிக்கொள்ளும். பீப்பாய் பாதி காலியாயிருந்தால் சுவாசமும் அதிகம், ஈரமும் அதிகம், பிராணவாயுவும் அதிகம். சிக்கனமாய் மிச்சம் வைத்ததே இங்கே வினையாகிவிட்டது.

நீர் சேர்ந்த இடத்தில் உயிர் சேரும். எண்ணெயைத் தின்று வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் உலகில் உண்டு. அவற்றுக்கு உணவு எண்ணெய். குடிநீர் அடியிலுள்ள நீர். ஆதலால் இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் குடியேறி, அந்த வழவழப்பான ஆடையை நெய்கின்றன. விமானங்களின் எண்ணெய்த் தொட்டிகளிற்கூட இத்தகைய பூஞ்சை வளர்ந்து தொல்லை கொடுத்ததுண்டு. பீப்பாயை அசைத்த மாத்திரத்தில் அந்த ஆடை கிழிந்து, துண்டு துண்டாக எஞ்சினுக்குப் போய்ச் சேர்கிறது.

இவ்வளவையும் புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆகையால் வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். புது டீஸலை நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகளில் எடுத்துக்கொண்டோம். முதற்புட்டியை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டு அலமாரியில் வைத்தோம். மற்ற மூன்றையும் பாதி மட்டும் நிரப்பி, பஞ்சால் லேசாக அடைத்து, வெயில் படும் ஜன்னலில், தீயின் சம்பந்தம் இல்லாத இடத்தில் வைத்தோம். அவற்றில் ஒன்றில் ஒரு செப்புக் கம்பித் துண்டைப் போட்டோம். ஒன்றில் இரண்டு கரண்டி நீர் ஊற்றினோம். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தோம்.

அலமாரிப் புட்டியில் மாறுதல் ஒன்றும் புலப்படவில்லை. ஜன்னலில் இருந்தவற்றில் சும்மா வைத்தது பழுத்த நிறமாகியிருந்தது. செப்புக் கம்பி போட்டது எல்லாவற்றையும்விடக் கறுத்திருந்தது. வடிதாளில் ஊற்றியபோது பழுப்புக் கறை தங்கிவிட்டது. நீர் ஊற்றிய புட்டியில், எண்ணெயும் நீரும் தொடும் இடத்தில் சிலந்தி வலை போல ஒன்று படர்ந்திருந்தது. பெரியவரின் பேரன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க தாத்தா மேல தப்பில்லே சார்" என்றான். கலப்படம் செய்தவனைத் தேடி அவன் தாத்தா ஒரு மாதமாகப் பலரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது நமக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்பொழுது வரும் புது வண்டிகளையும் எஞ்சின்களையும் பற்றி ஒரு வார்த்தை. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற விதிமுறை நடைமுறைக்கு வந்தது. டீஸலில் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், பத்துப் பங்குக்குக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை நீக்கும் பக்குவத்தில் துடியான மூலக்கூறுகள் பலவும் போய்விடுகின்றன, இது நன்மை. ஆனால் எண்ணெயில் இயற்கையாகவே இருந்து அதன் மூப்பைத் தடுத்துவந்த சில பொருள்களும் கூடவே போய்விடுகின்றன. தவிரவும், புதிய எஞ்சின்களின் எண்ணெய்த் துவாரங்கள் மிக நுண்ணியவை. பழைய ஆயில் எஞ்சின் மண்டி கலந்த எண்ணெயையும் ஓரளவு இருமிக்கொண்டே விழுங்கும். புது டிராக்டர் விழுங்காது. விழுங்கினால் அதற்கான பழுதுச் செலவு ஒரு போகத்து வருமானத்தையே விழுங்கும்.

தாவர எண்ணெயிலிருந்து ஆக்கும் பயோடீஸலுக்கு இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீஸல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். ஓடும், சந்தேகமில்லை. ஆனால் தாவர எண்ணெயின் வழிவந்தது தாவர எண்ணெயைப் போலவே விரைவில் காறிப்போகும். ஈரத்தையும் அதிகம் இழுக்கும். பெட்ரோலின் கதை வேறு. இப்போது அதில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் நீரை விரும்பும். நீர் அளவு மீறினால் இரண்டும் கூடிக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள் உதைத்து உதைத்தும் கிளம்பாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பெட்ரோலை வீட்டில் சேர்த்து வைப்பது தீ அபாயமும் ஆகும் என்பதால், அதை அறவே தவிர்க்க வேண்டும்.

இது ஒரு பெரியவருடைய ஒரு பீப்பாயின் விஷயம் மட்டும் அன்று. நம் ஊர்களில் எத்தனை ஜெனரேட்டர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டையொட்டிய மின்வெட்டுக் காலத்தில் பள்ளிகளும், கல்யாண மண்டபங்களும், சிறு மருத்துவமனைகளும் ஆளுக்கொன்று வாங்கின. பிறகு மின்சாரம் சீர்பட்டது, ஜெனரேட்டர் மறந்துபோயிற்று. அதன் வயிற்றிலுள்ள டீஸல் மட்டும் மறக்காமல் மூத்துக்கொண்டே இருக்கிறது. புயல் வந்து கம்பங்கள் சாயும் ஓர் இரவில், அறுவை மேஜையில் ஒரு தாய் கிடக்கும் வேளையில், அது கால் மணி நேரம் ஓடிவிட்டு நின்றால் என்ன ஆவது? வெங்காயத்தை மறு போகத்தில் நட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மறு போகத்தில் நட்டுக்கொள்ள முடியாது.

தேசத்தின் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. நாம் எரிக்கும் எண்ணெய்க்கான கச்சாப்பொருளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் கடல் கடந்து வருகிறது. ஆபத்துக் காலத்துக்கென்று விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து, மொத்தம் 53 லட்சம் டன்னுக்கு மேல் கொள்ளும் சுரங்கங்களை அரசாங்கம் அமைத்திருக்கிறது. அங்கே சேமிப்பது டீஸலையோ பெட்ரோலையோ அன்று, கச்சா எண்ணெயை. வெயில் படாத பாறையின் ஆழத்தில் அது நெடுங்காலம் தாங்கும். கச்சா எண்ணெயும் நாளடைவில் மெழுகையும் கசட்டையும் அடியில் இறக்கும் என்றாலும், அதை ஆலையில் மறுபடி காய்ச்சி வடிக்கத்தானே போகிறார்கள்? நம் கொட்டகையில் ஆலை ஏது? தயாரித்து முடித்த எண்ணெய் வடித்த சோறு போன்றது. நெல்லைப் பத்தாயத்தில் வைக்கலாம், சோற்றை வைக்கலாமா?

செய்ய வேண்டியது இன்னதென்று சுருக்கமாகச் சொல்லுகிறோம். தேவைக்குமேல் வாங்காதீர்கள். வாங்கிய தேதியைப் பீப்பாயின்மேல் எழுதுங்கள். பழையதை முதலில் செலவழித்து, ஆறு மாதத்துக்குள் புதியதை மாற்றுங்கள். பீப்பாய் எப்போதும் நிரம்பியிருக்கட்டும்; குறைந்தால் சிறிய கலத்துக்கு மாற்றுங்கள். வெயிலும் மழையும் படாத நிழலில், அடுப்புக்கும் பீடிக்கும் தூரமாக வையுங்கள். நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் அமையும்படி திருப்பி வைத்தால், நீர் உள்ளே புக வழியில்லை. தொட்டியின் அடியிலுள்ள நீரை அவ்வப்போது திறந்து விடுங்கள். மாதம் ஒரு முறையேனும் ஜெனரேட்டரை ஓட்டிப் பாருங்கள். மூப்பைத் தடுக்கும் மருந்து கடையில் கிடைக்கும். ஆனால் அதைப் புது எண்ணெயில் சேர்த்தால்தான் பயன். கறுத்த எண்ணெயை வெளுக்கச் செய்யும் மருந்து கிடையாது. கெட்ட எண்ணெயைப் புதியதோடு கலந்து ஒப்பேற்றலாம் என்று எண்ணாதீர்கள். கரைந்திருந்த கசடும் பிரிந்து படிய அதுவே காரணமாகலாம். வாய்க்காலிலோ மண்ணிலோ கொட்டவும் கூடாது, கிணற்றைக் கெடுத்துவிடும். பழைய எண்ணெயை எடுத்துச் சுத்தம் செய்பவர்களிடம் சேர்ப்பதே முறை.

இவற்றைச் சொல்லுவதற்காக மறுபடி ஒரு நாள் பெரியவரிடம் போனோம். அவர் வெங்காயப் பட்டறை போட்டுக்கொண்டிருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்தார்க்குப் பட்டறை தெரியும். தரையில் படாமல் உயர்த்தி, இருபுறமும் காற்று நுழையும்படி படல் கட்டி, மேலே கூரை வேய்ந்து, விதை வெங்காயத்தை மாதக்கணக்கில் காப்பாற்றுவார்கள். எந்தப் பக்கத்துக் காற்று எந்த மாதத்தில் வரும் என்பது அவர் கைவிரல் நுனியில் இருந்தது. அழுகல் ஒன்று தென்பட்டாலும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்.

நாம் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "வெங்காயத்துக்குக் காத்து வேணும், டீஸலுக்குக் காத்து ஆகாது. அவ்வளவுதானே வாத்தியாரே? இதை ஐஞ்சு வருஷம் முன்னாடி யாரும் சொல்லலியே" என்றார். அந்த வார்த்தை நமக்குச் சுருக்கென்று தைத்தது. நாம் பட்டம் பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிராணவாயுவைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறோம். அந்தப் பிராணவாயு பக்கத்துத் தோட்டத்துப் பீப்பாய்க்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நாமும் எண்ணிப் பார்த்ததில்லை.

பேரனுக்கும் விடை சொல்லியாயிற்று. கல்மரம் கெடாததற்குக் காரணம், கெடுவதற்கு அதில் மரம் மிச்சமில்லை. மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டுவிட்டது. பூமிக்குள் எண்ணெய் கெடாமல் இருந்ததற்குக் காரணம், அங்கே அதைக் காற்று தீண்டவில்லை. மனிதன் வெளியே எடுத்து, உடைத்து, வடித்து, காற்றில் திறந்த அன்றே அதற்கு வயது ஆரம்பமாகிவிடுகிறது.

நாம் புறப்படும்போது கொட்டகையை எட்டிப் பார்த்தோம். பழைய பீப்பாயைக் காணவில்லை. நிழலான மூலையில் இருபது லிட்டர்க் கலம் ஒன்று நிரம்பி, இறுக மூடி வைத்திருந்தது. அதன்மேல் பையனுடைய கையெழுத்தில் வாங்கிய தேதியும், அதன் கீழே மாற்ற வேண்டிய தேதியும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தன. பெரியவருக்கு அந்த எழுத்தில் ஒரே ஒரு குறைதான்.

"மழை பட்டா அழிஞ்சு போயிடுமேடா" என்றார்.

"மழை படற இடத்துல அதை வைக்கவே கூடாது தாத்தா" என்றான் பேரன்.